வலையும் இரண்டு செருப்பும்: பொங்கல் ஃபுட்பால் போட்டிக்கு ஒரு போஸ்டர்

2022 டிசம்பர் முதல் வாரம். கத்தாரில் உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. வடசென்னை வியாசர்பாடியில் எங்கள் தெருவின் குறுக்கே ஒரு பக்கம் பிரேசில் கொடி, இன்னொரு பக்கம் அர்ஜென்டினா கொடி. அக்கா மகன் நாலு பசங்களோடு மாடிக்கு வந்து நின்றான். "மாமா, பொங்கலுக்கு செவன்ஸ் நடத்துறோம், டீமுக்கு ஏழு பேரு. பதினாறு டீமு. போஸ்டர் நீதான் அடிச்சுத் தரணும்."

மாடியில் ஷீட் போட்ட அறை ஒன்றில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, துணிப்பை, கடை ஸ்டிக்கர், இவைதான் பிழைப்பு. இருபது அங்குலத்துக்கு முப்பது அங்குலம், அதாவது டபுள் கிரவுன் அளவில் நான் அதுவரை எதுவும் அடித்ததில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். படம் என்னவென்று நான்தான் முடிவு செய்வேன் என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

முதல் இரவே ஒரு படம் வரைந்துவிட்டேன். இடது பக்கம் துறைமுகக் கிரேன், வலது பக்கம் 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்கள், நடுவில் பெரிய பந்து. காலையில் பார்த்தபோது சுற்றுலா காலண்டர் மாதிரி இருந்தது. கோடு சுத்தமாகத்தான் வந்திருந்தது. ஆனால் ஊர் ஒரு பக்கம் நிற்கிறது, ஆட்டம் ஒரு பக்கம் நிற்கிறது, இரண்டும் ஒன்றையொன்று தொடவே இல்லை.

அதற்கப்புறம் இரண்டு நாள் பென்சிலைத் தொடவில்லை. உலகக் கோப்பை போஸ்டர்களை 1930இலிருந்து வரிசையாக எடுத்துவைத்துப் பார்த்தேன். முதல் போஸ்டரை உருகுவேயில் கில்லெர்மோ லபோர்டே வரைந்தார். ஒரு கோல்கீப்பர் மேல் மூலைப் பந்துக்குக் கை நீட்டி எம்புகிறார். உடம்பு முழுக்க நேர்கோடும் வளைகோடும்தான், முகத்தில் ஒன்றுமே இல்லை. எழுத்தும் அந்த உடம்போடு சேர்ந்து மேலே ஏறுகிறது. 1950 பிரேசில் போஸ்டரில் ஒரே ஒரு கால், ஒரு பந்து. கலந்துகொள்ளும் நாடுகளின் கொடிகளையெல்லாம் அந்தக் காலுறையில் அடக்கிவிட்டார்கள். இந்தியா தகுதி பெற்றும் போகாமல் விட்ட உலகக் கோப்பை அது. அந்தப் போஸ்டரை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் பதினாறு டீம் பெயரை எங்கேயாவது அடக்க வேண்டியிருந்ததே.

1982இல் ஸ்பெயின் தன் போஸ்டரை ஹோவான் மிரோவிடம் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 90ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. அழகுதான், ஆனால் அதிலிருந்து என் வேலைக்கு எடுத்துக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை. அது அவர் கை, அவருக்கு மட்டும் வரும்.

என்னை நிறுத்திவைத்தவை வேறு நான்கு. 1986 மெக்சிகோ போஸ்டர் ஆனி லீபோவிட்ஸ் எடுத்த புகைப்படம். அதில் ஆட்டக்காரரே கிடையாது. பழங்கால மெக்சிகோவின் கல்லின் மேல் அவருடைய நிழலும் பந்தின் நிழலும் மட்டும் விழுகின்றன. கல்தான் ஊர், நிழல்தான் ஆட்டம். ஒன்றின் மேல் ஒன்று விழுந்துவிட்டதால் இனி பிரிக்க முடியாது. 1990 இத்தாலிக்கு அல்பெர்தோ புர்ரி, ரோமாபுரிக் கொலோசியத்தின் நடுவே ஃபுட்பால் மைதானத்தையே வைத்துவிட்டார். 2002இல் கொரியாவும் ஜப்பானும் சேர்ந்து நடத்தின. பியூன் சூ சுக் என்ற கொரியரும் ஹிரானோ சோகென் என்ற ஜப்பானியரும் தூரிகை வீச்சுகளாலேயே மைதானத்தை வரைந்தார்கள். இரண்டு நாட்டுக்கும் பொதுவான தூரிகை எழுத்துக் கலைதான் அங்கே மைதானக் கோடாக மாறியது. 2014 பிரேசில் போஸ்டரில் இரண்டு கால்கள் ஒரு பந்துக்கு முட்டிக்கொள்கின்றன. அந்தக் கால்களுக்கு இடையில் விட்ட வெற்றிடம்தான் பிரேசில் வரைபடம். நாட்டை யாரும் வரையவில்லை, வரையாமல் விட்ட இடத்தில் நாடு வந்து நிற்கிறது.

இவற்றுக்கும் என் கிரேன் படத்துக்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் பிடிபட்டது. இவர்கள் யாரும் ஊரைப் பந்துக்குப் பக்கத்தில் நிறுத்தவில்லை. ஊரின் பொருளை எடுத்து ஆட்டத்தின் வேலையைச் செய்ய வைத்தார்கள். கல்லைத் திரையாக்கினார்கள், அரங்கத்தை மைதானமாக்கினார்கள், தூரிகையைக் கோடாக்கினார்கள். அந்த ஆண்டின் கத்தார் போஸ்டரும் அப்படித்தான். புதைனா அல் முஃப்தா வரைந்தது. ஆண்கள் தலையில் அணியும் வெள்ளைத் துணியும் கறுப்பு வளையமும் கொண்டாட்டத்தில் ஆகாயத்துக்குப் பறக்கின்றன. தலைப்பாகையே அங்கே கோல் சத்தம்.

அப்படியானால் வடசென்னையில் ஏற்கெனவே ஆட்டத்தின் வேலையைச் செய்துகொண்டிருக்கும் பொருள் எது? இந்தக் கேள்விக்கு விடை தெருவிலேயே கிடந்தது. பசங்களுக்கு கோல் போஸ்ட் இரண்டு செருப்பு. ஒருத்தன் ஒற்றைச் செருப்பைக் கழற்றி இந்தப் பக்கம் போடுவான், இன்னொருத்தன் ஒன்றை அந்தப் பக்கம் போடுவான். நான் ஆடியபோதும் அதுதான். அப்புறம் வலை. நல்ல மைதானத்தில் கோலுக்கு வலை இருக்கும், எங்களுக்கு இருந்ததில்லை. ஆனால் இங்கிருந்து காசிமேடு மீன்பிடித் துறைமுகம் போனால் பார்க்கிற இடமெல்லாம் வலைதான்.

செருப்பு, வலை, பந்து. மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். அதோடு இன்னொன்றும் தோன்றியது. இவற்றை வரையவே கூடாது. வலையே தன்னை அச்சடிக்க வேண்டும், செருப்பே தன்னைப் பதிக்க வேண்டும். புர்ரி கோணிச்சாக்கைத் தைத்து ஓவியம் செய்தவர் என்று படித்ததன் பாதிப்பு இது. பொருளையே கொண்டுவந்து வைத்தால் அதைவிட உண்மையான கோடு என் கையிலிருந்து வராது.

காசிமேட்டில் என் நண்பனின் அப்பாவுக்கு ஃபைபர் படகு இருக்கிறது. அவரிடம் கிழிந்த வலைத் துண்டு கேட்டேன். "போஸ்டருக்கு வலை இன்னாத்துக்குத் தம்பி?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு வகை கொடுத்தார். ஒன்று தங்கூசி வலை, கண்ணாடி மாதிரி மெலிசு. இன்னொன்று முறுக்கு நைலான் நூலில் பின்னிய பழைய வலை, மேல்கயிற்றில் மிதப்போடு.

டிசம்பர் 7, முதல் முயற்சி. ஸ்கிரீனில் எமல்ஷன் தடவி உலர்த்தி, அதன் மேல் தங்கூசி வலையை நேரே விரித்து, கண்ணாடி வைத்து அழுத்தி வெயிலில் காட்டினேன். ஸ்கிரீன் பிரிண்டிங் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஸ்கிரீன் என்பது சட்டத்தில் இழுத்துக் கட்டிய நுண்ணிய துணி, அந்தத் துணிதான் மெஷ். எமல்ஷன் அதில் தடவும் பசை. ஒளி பட்ட எமல்ஷன் இறுகிவிடும். ஒளி படாத இடம் தண்ணீரில் கரைந்து திறக்கும். திறந்த இடம் வழியாக மை இறங்கும். ஆக வலை நூல் ஒளியை மறைத்தால்தான் கோடு வரும். தங்கூசி மறைக்கவில்லை. அதன் வழியாகவே வெயில் போய்விட்டது. கழுவிப் பார்த்தால் ஸ்கிரீன் முழுக்க இறுகிக் கிடக்கிறது, ஒரு கண்ணிகூடத் திறக்கவில்லை.

அன்றே மதியம் முறுக்கு வலையை வைத்துப் பார்த்தேன். இது ஒளியை மறைத்தது. ஆனால் முடிச்சுகள் உருண்டு நிற்பதால் நூல் ஸ்கிரீனில் ஒட்டாமல் தூக்கிக்கொண்டது. தூக்கிய இடைவெளியில் ஒளி பக்கவாட்டில் நுழைந்து கோட்டைத் தின்றுவிட்டது. முடிச்சு இருக்கும் இடத்தில் புள்ளி, நடுவில் ஒன்றுமில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் மழை பெய்வது மாதிரி இருந்தது.

ஆகவே நேரடி வழியை விட்டுவிட்டு, இடையில் ஒரு படி சேர்த்தேன்: வலையை முதலில் பட்டர் பேப்பரில் அச்செடுத்து, வலைக்குப் பதில் அந்தத் தாளை ஸ்கிரீனில் வைப்பது. இதுதான் இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ஒரு பிளைவுட் பலகையில் வலையை ஆணியடித்து இழுத்துக் கட்டினேன். வலது மேல் பக்கத்தில் எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்து, அந்த இடத்தில் இருந்த சில கண்ணிகளை வெட்டி, மற்ற நூல்களைத் தட்டின் விளிம்பைச் சுற்றி வளைத்து ஆணியால் நிறுத்தினேன். பந்து வந்து மோதினால் வலை எப்படி விலகிப் புடைக்குமோ அப்படி. அப்புறம் தட்டை எடுத்துவிட்டேன். வட்டம் மட்டும் காலியாக நின்றது. கெட்டியான கறுப்பு மையை ரோலரால் வலை மேல் உருட்டி, பட்டர் பேப்பரை மெதுவாக இறக்கி, கரண்டியின் முதுகால் ஒவ்வொரு நூலாகத் தேய்த்தேன். தாளைத் தூக்கியபோது வலை அப்படியே அதில் இருந்தது. முறுக்கின் சரிவுகூடத் தெரிந்தது. ஒவ்வொரு முடிச்சும் ஒவ்வொரு மாதிரி. பந்துக்கு மை இல்லை, காகிதத்தின் வெள்ளையே பந்து. 2014 போஸ்டரிலிருந்து நான் கற்றது அந்த ஒன்று.

தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சில நூல்களில் ஒளி ஊடுருவியது. அந்த இடங்களை மட்டும் கறுப்பு போஸ்டர் கலரால் தொட்டு நிரப்பினேன். முழுக்க நிரப்பியிருந்தால் கை வரைந்த கோடாகிவிடும்.

மேல்கயிறு தானாகவே இன்னொரு சிக்கலைத் தீர்த்தது. செருப்பு கோல் போஸ்டுக்குக் குறுக்குக் கம்பம் கிடையாது. உயரமாகப் போன பந்து கோலா இல்லையா என்பதில்தான் எங்கள் தெருச் சண்டைகளில் பாதி. இப்போது வலையின் மிதப்புக் கயிறு மேலே குறுக்காக ஓடியது. அதுவே கம்பம். அதில் மிதப்புகளைப் பதினாறாகக் கட்டி, ஒவ்வொரு மிதப்பின் கீழும் ஒரு டீம் பெயர். நன்கொடை தந்தவர்களின் படம் வேண்டாமா என்று பசங்கள் கேட்டார்கள். பெயரை அடியில் ஒரே வரியில் போட்டுவிடலாம், படம் வேண்டாம் என்றேன். இதில் நான் பிடிவாதமாக இருந்தேன். பத்து முகம் வந்துவிட்டால் பந்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

எழுத்தில் ஒரு தப்பு செய்தேன். 'கால்பந்து' என்று பெரிதாக எழுதி, மெய்யெழுத்தின் புள்ளியைப் பந்தாக்கினேன். அந்தச் சொல்லில் ல் ஒன்று, ந் ஒன்று, ஆக இரண்டு புள்ளி. பக்கத்து வீட்டுச் சிறுவன் பார்த்துவிட்டு, "அண்ணா, இன்னாத்துக்கு மூணு பாலு?" என்றான். வலையில் ஒன்று, எழுத்தில் இரண்டு. அவன் சொன்னது சரி. புள்ளிகளை வெறும் புள்ளிகளாக்கினேன். எழுத்தைத் தட்டையான பிரஷ்ஷால், பழைய சுவர் விளம்பரக்காரர்கள் எழுதுவது போல ஒரே இழுப்பில் எழுதினேன்.

8ஆம் தேதி மாலை புது எமல்ஷன் தடவினேன். 80ஆம் நம்பர் மெஷ், வெளிப்பக்கம் இரண்டு தடவை, உள்பக்கம் ஒரு தடவை, வெளிப்பக்கம் கீழே பார்க்கப் படுக்கவைத்து இருட்டில் உலர விட்டேன். 9ஆம் தேதி மழையும் காற்றும் கூடிக்கொண்டே போனது. அன்றிரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்தது. கரண்ட் போய்விட்டது. அதே இரவில்தான் பிரேசில் குரோஷியாவிடம் பெனால்டியில் தோற்றது. மீதமிருந்த சார்ஜில் ஒரே போனில் பதினோரு பேர் பார்த்தோம். முடிந்ததும் ஒருத்தனும் பேசவில்லை. மாடி ஷீட் பறந்துவிடுமோ என்று ஓடிப்போய், ஸ்கிரீனைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

11ஆம் தேதி வெயில் வந்ததும் அவசரப்பட்டேன். தொட்டால் உலர்ந்தது போலத்தான் இருந்தது. வெயிலில் காட்டி, கழுவத் தண்ணீர் ஊற்றிய உடனே எமல்ஷன் மொத்தமும் தோல் தோலாக உரிந்துவந்தது. மூன்று நாள் ஈரக்காற்றை அது குடித்திருக்கிறது. உள்ளே ஈரம் இருந்தால் ஒளி பட்டாலும் சரியாக இறுகாது. கடலோரத்தில் மழைக்காலத்தில் இந்த வேலை செய்பவர்கள் தயவுசெய்து விரலை நம்பாதீர்கள். பிளீச்சிங் பவுடர் கரைசலால் மிச்சத்தைத் தேய்த்து எடுத்து, மெஷ்ஷை நன்றாகக் கழுவி, மறுபடி தடவினேன். இந்தத் தடவை சிவப்பு ஜீரோ வாட் பல்பு மட்டும் எரியவிட்டு, ஹேர் டிரையரின் இளஞ்சூட்டில் அரை மணி நேரம், அப்புறம் இரவெல்லாம் ஃபேன் காற்று.

13ஆம் தேதி, எமல்ஷன் தடவிய ஒரு சின்ன ஸ்கிரீனில் அட்டையை நகர்த்தி நகர்த்தி 30, 60, 90, 120 வினாடி என்று பட்டை பட்டையாகச் சோதித்தேன். பட்டர் பேப்பரும் கொஞ்சம் ஒளியைத் தடுக்கும், அதனால் 90 வினாடி சரியாக வந்தது. 120இல் மெல்லிய நூல்கள் அடைத்துக்கொண்டன. பெரிய ஸ்கிரீனைக் காட்டும்போது சட்டத்துக்குள் கறுப்புத் துணி சுற்றிய ஸ்பாஞ்சும் பலகையும் வைத்து மெஷ்ஷைக் கண்ணாடியோடு அழுத்தினேன். பட்டர் பேப்பர் எங்கேயும் தூக்கக் கூடாது. கழுவியபோது முதலில் மிதப்புகள் திறந்தன, பிறகு கயிறு, பிறகு ஒவ்வொரு கண்ணியாக. டீம் பெயர்களில் இரண்டு மட்டும் அடைந்திருந்தன. ஊசிமுனையால் தொட்டுத் திறந்தேன்.

தாள் ஆண்டர்சன் தெருவில் வாங்கியது, 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ, நூறு ஷீட். கனமான தாள் கையில் கம்பீரமாக இருக்கும், ஆனால் மைதா பசையில் சுவரோடு படியாது, மூலை எழும்பும். மெல்லிய தாளில் தண்ணீர் மை அடித்தால் சுருங்கும் என்பதால் தின்னர் கலக்கும் மை எடுத்தேன். ஸ்கிரீனின் நான்கு மூலையிலும் இரண்டு ரூபாய்க் காசு வைத்துத் தாளிலிருந்து கொஞ்சம் தூக்கினேன். மையைத் தள்ளும் ரப்பர் பட்டையான ஸ்குவீஜி கடந்ததும் மெஷ் தாளை விட்டு எழ வேண்டும், இல்லையென்றால் கோடு ஈஷிவிடும். முதல் எட்டு ஷீட் வீண். மை மெஷ்ஷிலேயே காய்ந்தது. மை காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சில சொட்டு விட்டபின் ஓட ஆரம்பித்தது.

வலைக்கு நீலம். துறைமுகத்தில் பிளாஸ்டிக் டிரம்களில் பார்க்கிற அடர்த்தியான நீலத்தை மனதில் வைத்துத்தான் கலந்தேன். ஆனால் முதல் ஷீட்டை உலரக் கட்டியபோது மாடியேறி வந்த பக்கத்து வீட்டுப் பெரியப்பா, "நம்ம நீலம்" என்று சொல்லிவிட்டு நின்று பார்த்தார். அம்பேத்கர் சிலை இருக்கிற எங்கள் முனைகளில் அந்த நீலத்துக்கு இருக்கிற பொருள் எனக்குத் தெரியாததல்ல, கலக்கும்போது நினைக்கவில்லை, அவ்வளவுதான். அவர் சொன்னபின் அதை மாற்றவே தோன்றவில்லை. கடலும் அதில் இருக்கிறது, அதுவும் இருக்கிறது.

செருப்புக்கு வேறு ஸ்கிரீன், செங்கல் சிவப்பு. அக்கா மகனின் ஹவாய் செருப்பில் இடது, அவன் கூட்டாளியுடையதில் இன்னொரு இடது. ஜோடிச் செருப்பு வைக்கக் கூடாது என்பதில் தெளிவாக இருந்தேன். இரண்டு பேர் ஆளுக்கு ஒன்று கழற்றினால்தான் கோல் உருவாகிறது. அடிப்பாகத்தில் மை உருட்டி பட்டர் பேப்பரில் அழுத்தினேன். குதிகால் தேய்ந்த இடம் வெள்ளையாக விழுந்தது. அடிக்கும்போது ஈரத்தில் பட்டர் பேப்பர் ஊதி, சிவப்பு மூன்று மில்லிமீட்டர் தள்ளிப் போயிருந்தது தெரிந்தது. செருப்பு எந்த நீலக் கோட்டையும் தொடாமல் தனியாக நிற்கும்படி முன்னாடியே அமைத்திருந்ததால் ஒரு ஷீட்டும் கெடவில்லை. கையால் அடிக்கிற இரண்டு நிற வேலைக்கு இதைத்தான் சொல்வேன்: நிறங்களை ஒன்றோடொன்று முட்டவிடாதீர்கள்.

18ஆம் தேதி மாலை, உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு முன்னால், 81 ஷீட் தேறியது. பொதுச் சுவரில் ஒட்டுவது 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதால் டீக்கடை, சலூன், மளிகைக்கடைப் பலகைகளில் கேட்டுக்கொண்டு ஒட்டினோம். டீக்கடையில் நின்றிருந்த ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பால் எங்கப்பா?" என்றார். பக்கத்தில் இருந்த சிறுமி வெள்ளை வட்டத்தில் விரலை வைத்தாள்.

குறை என்றால், மிதப்புக்குக் கீழே உள்ள டீம் பெயர்கள் மூன்றடி தள்ளி நின்றால் படிக்க முடியவில்லை. அடுத்த முறை அவற்றுக்கு மட்டும் நுண்ணிய மெஷ்ஷில் தனி ஸ்கிரீன் போட வேண்டும்.

வலையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தும் முடிச்சுகளுக்குள் கறுப்பு போகவில்லை. வெட்டிய இடத்துக்காக மன்னிப்புக் கேட்டேன். பெரியவர் வலை ஊசியை எடுத்து அந்த ஓட்டையின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். "ஆறு கண்ணிதான் போயிருக்கு தம்பி," என்றார். உட்கார்ந்து பின்ன ஆரம்பித்தார். போஸ்டர் ஒன்றை அவர் படகின் இன்ஜின் பெட்டி மேல் விரித்து, காற்றில் பறக்காமல் இருக்க நான்கு ஈயக்குண்டு வைத்துவிட்டு வந்தேன்.